கிளை வெட்டாத வருஷம்

சிவகாசியில் வெயிலை யாரும் வையமாட்டார்கள். தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் சித்திரை பிறந்துவிட்டால் ஆளாளுக்கு வெயிலைச் சபிப்போம். இங்கே வேலைக்கு வந்த முதல் வாரம், அந்தப் பழக்கதோஷத்தில் நானும் "சே, என்ன வெயில்" என்று முனகினேன். சாமியைப் பழித்தவளைப் பார்ப்பதுபோல் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"அப்படிச் சொல்லாதீக டீச்சர். இது காஞ்சாத்தான் எங்க வீட்ல உலை கொதிக்கும்" என்றார்.

அது அறுபதுகளின் தொடக்கம், சீன எல்லைச் சண்டைப் பேச்சு அடிபட்ட காலம். நாங்கள் கிறிஸ்தவர்கள்; பயிற்சி முடித்த கையோடு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கல்யாணமாகாத பெண் தனியாகத் தங்க வீடு கிடைப்பது பெரும்பாடு. விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த ஓர் அண்ணாச்சி இரக்கப்பட்டு இடம் கொடுத்தார். முன்னால் அவருடைய மச்சு வீடு. அதை ஒட்டிப் பின்னால் இரண்டு ஓட்டு வீடுகள். ஒன்றில் நான் இருந்தேன். மற்றதில் அக்காவும் அவர் கணவரும். கணவருக்குக் காரியாபட்டியில் கமிஷன் கடையில் மூட்டை எடை போடுகிற வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் காலையில் கிளம்பிவிடுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு புறவாசல், அதில் ஒரு வேப்பமரம்.

அக்கா வெடிக் குழாய் உருட்டுகிறவர். கம்பெனியிலிருந்து காகிதமும் பசை மாவும் வரும். இரும்புக் கம்பி ஒன்றில் காகிதத்தைச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, பலகையில் ஓர் உருட்டு உருட்டிக் கம்பியை உருவினால் விரல் நீளத்துக்குக் குழாய் வந்துவிடும். அவர் செய்யும்போது பார்க்க அவ்வளவு லேசாக இருக்கும். நானும் ஒருநாள் சவடாலாக உட்கார்ந்து உருட்டினேன். கூம்பாகவும் கோணலாகவும் என்னென்னவோ வந்தது. "இதுல மருந்து அடைச்சா சீனாக்காரன் பக்கம் போக வேண்டியது நம்ம பக்கமே வரும்" என்று அக்கா சிரித்தார். குழாயில் வெடிமருந்து அடைப்பதும் திரி வைப்பதும் கம்பெனியில்தான் நடக்கும். வீட்டில் வெறும் காகித வேலை. ஆனால் உருட்டிய குழாய் அன்றைக்கே நல்ல வெயிலில் காய வேண்டும். ஈரம் நின்றால் உள்ளே அடைத்த மருந்து நமுத்துப்போகும்.

அக்கா வீட்டிலேயே இந்த வேலையைச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய தங்கச்சி எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து அடைக்கப் போய், தீப்பிடித்து இறந்துவிட்டாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். அன்றைக்கே அக்கா மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார், சாகும்வரை கம்பெனி வாசலை மிதிப்பதில்லை என்று. இதை என்னிடம் சொன்னபோதுகூட உருட்டுவதை நிறுத்தவில்லை. "இந்தப் புறவாசல் இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்ல" என்றார்.

வேப்பமரத்தின் கிளைகளில் ஒன்று மட்டும் புறவாசலின் நடுவுக்கு நீண்டு வளரும். ஆண்டுதோறும் ஆனி மாதம், தீபாவளி ஆர்டர் சூடுபிடிப்பதற்கு முன்னால், அண்ணாச்சி ஆள்விட்டு அந்தக் கிளையைக் கழித்துக் கொடுப்பார். புறவாசல் முழுக்க வெயில் இறங்கும். அந்த வெயிலில்தான் அக்காவின் சீசன் ஓடியது. வேறு இடம் கிடையாது. தெருவில் ஆடும் வண்டியும் விடாது. அண்ணாச்சியின் மச்சில் மண்டிச் சரக்கு காயும்.

அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் அதே கிளைக்கு ஒரு ஜோடி மாங்குயில் வந்தது.

காலையில் பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போது முதலில் குரல்தான் கேட்டது. புல்லாங்குழல் பழகுகிறவன் ஒரே இடத்தை மறுபடி மறுபடி வாசிப்பானே, அப்படி. நிமிர்ந்தால், அரைத்த மஞ்சளை அள்ளிப் பூசினாற்போல் ஒரு பறவை. கண்ணுக்கு மை தீட்டி, தீட்டிய மை காதுவரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. வந்ததிலிருந்து காகத்தையும் சிட்டையும் தவிர எதையும் பார்க்காத எனக்கு வாயில் நுரையோடு அழுகை வந்துவிட்டது. ஊரைவிட்டு வந்து தனியாகக் கிடந்தது அன்றுவரை எனக்கே உறைக்கவில்லை போலும்.

அது கூடு கட்டிய அழகை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கிளை நுனியில் இரண்டாகப் பிரியும் கவட்டையில் தூளி கட்டுவதுபோல் கட்டியது. பெண் பறவை நார் கொண்டுவந்து ஒரு கொம்பில் சுற்றி, அந்தப் பக்கம் போய் மறு கொம்பில் சுற்றி, நடுவில் உட்கார்ந்து நெஞ்சால் அழுத்திப் பார்க்கும். ஆண் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதோடு சரி. "எங்க வீட்டு மனுசன் மாதிரியே இருக்கு" என்றார் அக்கா. அவர் உருட்டிப்போட்ட காகித நறுக்கும் சணல் துண்டும்கூட அந்தக் கூட்டுக்குள் போயின. அதே மரத்தின் உச்சியில் ஒரு கரிச்சான் குருவி குடியிருந்தது. காகம் எட்டிப் பார்த்தால் போதும், அது பாய்ந்து விரட்டும். கரிச்சான் இருக்கும் மரமாகப் பார்த்துத்தான் மாங்குயில் கூடு வைக்கும் என்று நான் அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். வருஷா வருஷம் அதே மரத்துக்கு வரும் என்றும் சொன்னேன். அது நிச்சயமாக எனக்குத் தெரியாது. டீச்சர் என்பதால் சொல்லிவைத்தேன்.

ஆனி பிறந்து மரம் கழிக்கிற ஆள் அரிவாளோடு வந்தபோது பெண் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் மரத்தடியில் நின்றுகொண்டேன். "ஏறக் கூடாது" என்றேன். அந்த ஆள் அக்காவைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தார். சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்துவிட்டார்.

"என்ன டீச்சரம்மா, காலங்காத்தால?"

"அண்ணாச்சி, கூடு இருக்கு. குஞ்சு பொரிச்சுப் பறக்கிற வரைக்கும் விட்டுருங்க."

"பாவந்தான். ஆனா அந்தப் பிள்ளைக்கு வெயில் வேணுமே. சீசன்ல."

நியாயமான பேச்சு. அவர் அக்காவின் பக்கம் நின்றார். அங்கே நான் தோற்றிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை. அண்ணாச்சியின் மருமகள் அப்போது முழுகாமல் இருந்தாள், மூன்றாம் மாதம். மருமகள் மாசமாக இருப்பதால் மகன் சவரம் செய்வதை நிறுத்தித் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் மரம் வெட்டக் கூடாது, ஓர் உயிரைக் கலைக்கக் கூடாது என்று இங்கே ஒரு வழக்கம். அந்தத் தாடியைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதே வாயால் இப்போது சொன்னேன்:

"அண்ணாச்சி, உங்க மருமக முழுகாம இருக்காங்க. இந்த நேரத்துல முட்டையோட இருக்கிற கூட்டைக் கலைச்சா நல்லதா?"

அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. அரிவாளைக் கீழே போடச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா ஈரக் குழாய்த் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவர், நான் எதிர்பார்த்ததைவிட வெகு வேகமாகப் பேசினார்.

"வேண்டாம் அண்ணாச்சி, வேண்டவே வேண்டாம். இருக்கட்டும். நான் அங்கன இங்கன காயப்போட்டுக்கிடுதேன்."

எனக்கு ஒரே பெருமை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அக்கா ஏன் அவ்வளவு அவசரமாக ஒத்துக்கொண்டார் என்பது எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின. பிள்ளையில்லாத ஒருத்தி, பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில், கூட்டைக் கலைக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசியிருந்தால் தெரு அவரை என்ன சொல்லியிருக்கும்? நாளைக்கு அந்த மருமகளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் யார் கண் பட்டது என்பார்கள்? அக்காவின் வாயை நான் அன்றைக்குத் தைத்துவிட்டேன். தைத்ததே தெரியாமல் தைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப்போல் நான் சந்தோஷமாக இருந்த காலம் குறைவு. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. குஞ்சுகள் பொரிந்தன. கூட்டின் விளிம்புக்கு மேலே சிவந்த வாய்கள் தெரிந்தன. தாயும் தகப்பனும் மாறிமாறிப் புழுவும், பழுத்த வேப்பம்பழமும் கொண்டுவந்தன. நான் காலையில் சீக்கிரமே எழுந்து காபியோடு பின்படியில் உட்கார்ந்துவிடுவேன். சாயங்காலம் நோட்டுத் திருத்துகிற சாக்கில் மறுபடியும் அங்கேயே இருப்பேன்.

அக்கா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர் என் கண்ணெதிரில்தான் இருந்தார். இலைகளுக்கு நடுவில் வெயில் எங்கே விழுகிறதோ அங்கே பாயை இழுத்துப் போடுவார். வெயில் நகர்ந்ததும் பாயோடு அவரும் நகர்வார். இங்கே ஒரு துண்டு வெயில், அங்கே ஒரு துண்டு. ஒருநாள் முழுக்க அவர் வெயிலின் பின்னாலேயே அலைந்தார். பறவையைப் பார்க்கும் அதே கண்ணால் அதையும் நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்க நன்றாகக்கூட இருந்தது. "இந்தப் பக்கம் வெயில் வந்திருச்சுக்கா" என்று இடம் காட்டி உதவி செய்ததாக வேறு நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் மேகம் மூட ஆரம்பித்தது. கம்பெனி ஏஜெண்டு லோடு எடுக்க வந்தார். குழாய் ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அழுத்தினார். அது அமுங்கி, அமுங்கியபடியே நின்றது.

"என்னம்மா இது, ஈரம் அப்படியே இருக்கு. கம்பெனியில என்னயத்தான் ஏசுவாக."

அந்த லோடு முழுக்கத் திரும்பியது. அடுத்ததில் பாதிக்கு மேல் திரும்பியது. மூன்றாவது தடவை ஏஜெண்டு காகிதமே கொண்டுவரவில்லை. காய்கிற இடம் இருக்கும் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

அதற்குள் குஞ்சுகள் பறந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது கூடு காலியாக இருந்தது. கொஞ்சம் வருத்தம் எனக்கு. பிறகு, சரி, இப்போதாவது கிளையைக் கழித்துவிடலாம் என்று நேரே அண்ணாச்சியிடம் போனேன். சீசன் இன்னும் முடியவில்லை. அக்காவுக்கு மறுபடி காகிதம் வாங்கிவிடலாம்.

"குஞ்செல்லாம் பறந்திருச்சு அண்ணாச்சி. ஆள வரச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அதெப்படி டீச்சரம்மா? நீங்கதான சொன்னீக, பிள்ளத்தாச்சி இருக்கிற வீடுன்னு. கூடு போனா என்ன, மரம் பச்ச மரமுல்ல. மருமகளுக்கு நல்லபடியாப் பிள்ள பொறக்கட்டும். தையில வெட்டிக்கிடுவோம்."

"இல்ல அண்ணாச்சி, நான் சொன்னது…"

"நெசத்தச் சொல்லணும்னா எனக்கு அன்னைக்கு அந்த நெனப்பே இல்ல. எங்காளுக சொல்லியிருந்தாக்கூட அரமனசா வெட்டியிருப்பேன். வேதக்காரங்க நீங்க, இதெல்லாம் நம்ப மாட்டீக. உங்க வாயில இருந்தே வந்துச்சுன்னா அது சும்மா வந்த வார்த்தையா?"

அந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்கலாம். நான் அதை நம்பவில்லை அண்ணாச்சி, பறவையைக் காப்பாற்ற உங்கள் பயத்தை எடுத்துப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான் என்று. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அவரை ஏமாற்றியதாக ஆகும். மருமகளின் வயிற்றை வைத்து விளையாடினாள் டீச்சர் என்று ஆகும். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவேன்? ஊரெல்லாம் நீளும் என் வாய் அன்றைக்கு நீளவில்லை. அண்ணாச்சியின் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆவணியில் ஒரு காலை, அக்கா தூக்குச் சட்டியோடு கிளம்பி நின்றார். எங்கே என்று கேட்டேன். "கம்பெனிக்கு" என்றார். எம். புதுப்பட்டிப் பக்கம், லாரியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிடுவார்களாம். 

"சத்தியம் செஞ்சிருக்கீங்களேக்கா" என்றேன்.

"செஞ்சேன். ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன், இந்த ஒரு சீசன் மட்டும்னு. அவ கேட்டுக்கிடுவா" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்து, "மருந்து வேல இல்ல டீச்சர். திரி நறுக்குற வேலதான். நீங்க ஒண்ணும் மனசப் போட்டுக் கொழப்பாதீக" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தின மாதம் அது நடந்தது. பெரிய விபத்து இல்லை. அந்த ஊர்க் கணக்கில் அதை யாரும் விபத்து என்றுகூடச் சொல்லவில்லை. நறுக்கும்போது எப்படியோ பொறி பட்டு, மடியில் இருந்த திரிக் கட்டு பற்றிக்கொண்டது. அக்கா ஓடவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணின் மேல் படாமல் இரண்டு கையாலும் அதை அள்ளி வெளியே எறிந்திருக்கிறார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கைகள் போயின.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் கட்டில் பக்கத்தில் நின்றேன். முழங்கை வரை கட்டு. "என்னாலதான்க்கா" என்றேன். என்னைத் திட்டுவார், ஒரு சொல் சுடச்சுடக் கேட்டால் கொஞ்சம் இறங்கும் என்று ஆசைப்பட்டேன். அது ஒரு சுயநலம்.

"என்ன பேச்சு இது? நீங்களா தீ வச்சீக? போய் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுங்க, போங்க" என்றார்.

யாருமே என்னைக் குறை சொல்லவில்லை. அவர் கணவர் எனக்குக் கும்பிடு போட்டார், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கிறேனே என்று. அண்ணாச்சி, விதி என்றார். கோவிலில் முழங்காலில் நின்று, பத்துக் கட்டளையில் இதற்கு எது என்று தேடிப் பார்த்தேன். கொலை செய்யவில்லை, திருடவில்லை. பொய்கூடச் சொல்லவில்லை; அந்த வீட்டு வழக்கத்தைத்தான் சொன்னேன். ஒன்றிலும் என்னை அடைக்க முடியவில்லை. அடைக்க முடிந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு எழுந்து வந்திருப்பேன்.

இன்னொன்றும் அப்போதுதான் தோன்றியது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு பொட்டல் மைதானம் உண்டு. ஒரு செடி கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு ஓரமாக அக்காவின் பாய்களை விரித்துக்கொள்ளக் கேட்டிருந்தால் எங்கள் தலைமையாசிரியை மறுத்திருக்கமாட்டார். ஆனியிலும் ஆடியிலும் தினமும் நான் அந்த வெயிலைக் குடை பிடித்துக் கடந்துதான் போய்வந்தேன். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் யோசனையெல்லாம் கூட்டிலேயே இருந்தது.

மார்கழியில் அண்ணாச்சிக்குப் பேரன் பிறந்தான். சீனி மிட்டாய்த் தட்டோடு வந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர்; தை பிறந்ததும் மரம் கழிக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு புறவாசலுக்கு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, பிள்ள பொறந்தாச்சு. இனி ஒரு தடையும் இல்ல. வெட்டிருவமா?"

"வெட்டிருங்க அண்ணாச்சி" என்றேன். இன்னும் சத்தமாக, "அடியோட வெட்டிருங்க" என்றேன்.

அக்கா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் பிரித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஆறியிருந்தன. இரண்டு கையையும் மடியில், முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்றார். "எனக்கு இனிமே வெயில் எதுக்கு? இருந்துட்டுப் போகட்டும். அந்த மஞ்சக்குருவி வருசா வருசம் இதே மரத்துக்குத்தான் வருமாம். டீச்சர் சொன்னாக."

குத்திக்காட்டவில்லை. எனக்காகச் சொன்னார். நான் அந்தப் பறவையை எவ்வளவு ஆசையாகப் பார்த்தேன் என்பதைப் பாயை இழுத்துக்கொண்டே அவரும் பார்த்திருக்கிறார். அண்ணாச்சி தலையாட்டினார். அந்த ஆள் அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கிளை நின்றது.

வைகாசிக் கடைசியில் பள்ளிக்கூடம் திறந்தபோது, பறவைகள் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். காலையில் கதவைத் திறப்பதில்லை. காபியை உள்ளேயே குடித்தேன். நோட்டுகளைப் பள்ளியிலேயே திருத்திவிட்டு இருட்டின பிறகுதான் வருவேன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தக் குரல் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பின்கதவைத் தட்டினார், முழங்கையால். கையால் தட்ட முடியாது.

"டீச்சர், வாங்க. வந்திருச்சு. நீங்க சொன்னீகள்ல, அப்படியே வந்திருச்சு."

போகாமல் இருக்க முடியவில்லை. நிழல் புறவாசல் முழுக்க இறங்கியிருந்தது. ஒரு பாய்கூடக் கிடக்கவில்லை. அக்கா என்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அங்கன, அந்தக் கவட்டையில" என்று முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து உயர்த்திக் காட்டினார். தனித்தனியாகப் பிரியாத அந்த விரல்களால், சுட்ட முடியாமல் மொத்தமாகக் காட்டினார்.

"தெரியுதா டீச்சர்?" என்றார்.

அந்தக் கையைத் தாண்டித்தான் நான் பறவையைப் பார்க்க வேண்டியிருந்தது. தெரியுதுக்கா என்றேன்.